ஆர்டுயின்னா: ஒரு கெல்ட்டிக் வேட்டைத் தெய்வத்தைக் கற்பனை ஆட்டத்துக்குள் கொண்டுவருவதற்கான முழுமையான வழிகாட்டி

மேசையைச் சுற்றி அமர்ந்து, இருபது முகப் பகடையை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டங்களில் வேட்டைத் தெய்வம் என்றதும் ஒரே உருவம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கையில் வில், முதுகில் அம்பறாத்தூணி, பக்கத்தில் ஒரு மான், தலைக்கு மேல் பிறைநிலா. அது ரோமர்களின் டயானா. அவளுக்குக் கெல்ட்டிக் பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டால் கெல்ட்டிக் தெய்வம் ஆகிவிடுவாள் என்று எண்ணி, நான் நடத்திய முதல் கேம்பெயினில், அதாவது பல அமர்வுகளாக நீளும் தொடர் ஆட்டத்தில், அப்படித்தான் செய்தேன். மூன்றாம் அமர்வு முடிவதற்குள் ஆட்டக்காரர்களுக்கு அந்தத் தெய்வத்தின் பெயர்கூட நினைவில் இல்லை. அவள் எந்த இடத்துக்கும் உரியவளாக இல்லை, யாரிடமும் எதையும் கேட்கவும் இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தியை நினைவில் வைத்துக்கொள்ள அவர்களுக்குக் காரணமே இருக்கவில்லை.

இந்த வழிகாட்டி, ஆர்டென் மலைக்காட்டின் தெய்வமான ஆர்டுயின்னாவை அவளுடைய காட்டிலிருந்தே தொடங்கி, படிப்படியாக ஓர் ஆட்டத் தெய்வமாகக் கட்டும் முறையை விளக்குகிறது. விதிகளுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். அதன் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டதால், அதன்மீது எதைக் கட்டினாலும் மற்றவர்களோடு தடையின்றிப் பகிர்ந்துகொள்ள முடியும். அந்தத் தொகுப்பில் கெல்ட்டிக் தெய்வங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஆர்டுயின்னா இல்லை. காடுகளுக்கு உரியவராக அங்கே வைக்கப்பட்டிருக்கும் சில்வானஸ் உண்மையில் ரோமர்களின் தெய்வம். ஆகவே நாம் நிரப்பப்போகும் இடம் உண்மையாகவே காலியாக இருக்கும் இடம்தான்.

முதல் படி: கிடைத்ததையும் சேர்ப்பதையும் பிரித்து எழுதுதல்

ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் “கிடைத்தது”, வலப்பக்கம் “நான் சேர்த்தது”. கடைசிப் படி வரை இந்தக் கோடு அழியாமல் இருக்க வேண்டும். ஆர்டுயின்னாவைப் பற்றி இணையத்தில் உலவும் செய்திகளில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் வலப்பக்கத்தில் எழுதியதை இன்னொருவர் இடப்பக்கத்துக்கு எடுத்துச் சென்றதால் உருவானது.

ஆர்டுயின்னாவைப் பற்றிய புராணக்கதை ஒன்றுகூட எஞ்சவில்லை. கௌல் நாட்டு (இன்றைய பிரான்சும் அதைச் சுற்றிய பகுதிகளும்) கெல்ட்டியரின் குருமார்களான ட்ரூயிட்கள் தங்கள் சமய அறிவை எழுத்தில் வைப்பது முறையன்று என்று கருதினார்கள் என ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். அந்த அறிவு அவர்களோடு போய்விட்டது. நம் கையில் எஞ்சியிருப்பவை இரண்டு கல்வெட்டுகள். ஒன்று, ஜெர்மனியில் ட்யூரன் நகருக்கு அருகில், ஆர்டென் காட்டின் கிழக்கு விளிம்பில் கிடைத்தது. அதில் அவள் பெயர் “ஆர்ட்பின்னா” என்று வெட்டப்பட்டிருக்கிறது. டைட்டஸ் ஜூலியஸ் எக்வாலிஸ் என்பவர் அவளுக்கு நேர்ந்துகொண்டதை மனமுவந்து, அவளுக்குத் தகும்படி செலுத்தினார் என்பதே அதன் செய்தி. லத்தீன் கல்வெட்டுகளில் மூன்று எழுத்துகளாகச் சுருக்கி வெட்டப்படும் இந்த வாசகத்துக்கு மற்ற மொழிகள் ஒரு முழு வாக்கியத்தைச் செலவிட நேரும்போது, தமிழில் “நேர்த்திக்கடன்” என்ற ஒரே சொல் பெரும்பகுதியைச் சொல்லிவிடுகிறது. இந்தச் சொல்லை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் முழு அச்சும் இதன்மேல்தான் சுழலப்போகிறது.

இரண்டாம் கல்வெட்டு ரோம் நகரிலேயே கிடைத்தது. கௌலின் ரெமி இனத்தைச் சேர்ந்த குவார்ட்டினியஸ் என்ற படைவீரர், பேரரசரின் மெய்க்காவல் படையான பிரிட்டோரியன் படையின் 7-ஆம் பிரிவில் பணியாற்றியவர், ஐந்து தெய்வங்களுக்குச் சேர்த்து அதை வைத்திருக்கிறார். அந்த வரிசையில் ஆர்டுயின்னா முதலாவது, போர்த்தெய்வமான காமுலஸ் அடுத்து, அதன் பிறகுதான் ஜூப்பிட்டர், மெர்க்குரி, ஹெர்க்குலிஸ். பேரரசின் தலைநகரில், பேரரசின் முதற்பெருந்தெய்வத்துக்கு முன்பாகத் தன் ஊர்க்காட்டின் தெய்வத்தை ஒரு படைவீரர் எழுதி வைத்திருக்கிறார். இந்த ஒரு கல்லில் ஒரு முழுக் கதாபாத்திரத்துக்கான விதை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

மூன்றாவதாக எல்லோரும் காட்டுவது, ஓடும் காட்டுப்பன்றியின் முதுகில் ஒருபக்கமாக அமர்ந்த பெண்ணின் வெண்கலச் சிற்றுருவம். பாரிஸுக்கு அருகில் சேன்-ஜெர்மேன்-ஆன்-லே நகரிலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ஆனால் அது கிடைத்தது ஆர்டென் காட்டில் அன்று, தெற்கே ஜுரா பகுதியில். அதில் எழுத்தும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர்கள்தான் அதற்கு ஆர்டுயின்னா என்று பெயரிட்டார்கள். எனவே பன்றி ஊர்தியை இடப்பக்கத்தில் எழுதாதீர்கள். இரண்டு பக்கங்களுக்கும் நடுவே, கோட்டின் மேலேயே எழுதுங்கள். ஆட்டத்துக்கு அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்கிறோம் என்று அறிந்து எடுத்துக்கொள்வது முக்கியம்.

இரண்டாம் படி: காட்டை முதலில் வரைதல்

அவள் பெயரின் வேரான “ஆர்டுவோ” உயரத்தைக் குறிக்கும் கௌலியச் சொல். காட்டுக்கும் அவளுக்கும் பெயர் ஒன்றுதான். காடு அவளுக்குச் சொந்தமான சொத்து என்பதைவிட, காடே அவள் என்று கொள்வதுதான் பெயருக்கு ஏற்றது. ஆகவே தெய்வத்தின் குறிப்பை எழுதுவதற்கு முன் வரைபடத்தை வரைய வேண்டும்.

ஆர்டென் இன்றைய பெல்ஜியம், லக்ஸம்பர்க், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் பரவி, ஜெர்மனியின் ஐஃபல் மேட்டுநிலத்தோடு இணைகிறது. சீசர் இதைக் கௌல் முழுவதிலும் மிகப் பெரிய காடு என்கிறார். ரைன் கரையிலிருந்து, டிரெவேரி மக்களின் எல்லை வழியாக நெர்வி மக்களின் நாடு வரை 500 மைலுக்கு மேல் நீள்வதாகக் கணக்கும் தருகிறார். நிலப்படத்தில் அளந்தால் அவ்வளவு தூரம் வராது. ஆனால் ஆட்டத்துக்கு இந்த மிகைக் கணக்கையே வைத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். வெளியிலிருந்து வரும் படைக்குக் காடு எவ்வளவு பெரிதாகத் தோன்றியது என்பதை அந்த எண் காட்டுகிறது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நுழையும் குழுவுக்குப் பயண நாட்களை இரட்டிப்பாக்குங்கள்; வழிகாட்டியோடு நுழையும் குழுவுக்கு உண்மைத் தூரத்தையே கொடுங்கள். ஒரே காடு இரண்டு அளவுகளில் இருப்பதை ஆட்டக்காரர்கள் தாமே கண்டுபிடிக்கும் தருணம், காட்டுக்கு ஒரு மனம் உண்டு என்பதை எந்த விளக்கத்தையும்விட நன்றாக உணர்த்தும்.

நிலத்தோற்றத்தில் மூன்றைக் கட்டாயம் சேருங்கள். முதலாவது, வடகிழக்கிலுள்ள உயர்ந்த சதுப்பு மேடு. பெல்ஜியத்தின் மிக உயரமான இடமான பொத்ரான்ஜ் அங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 694 மீட்டர் மட்டுமே. ஆர்டென் வானை முட்டும் மலை அன்று. மூடுபனியும் மழையும் நீங்காத, கால் வைத்தால் உள்ளிழுக்கும் கரிச்சேற்று நிலம். வழக்கமான கற்பனை ஆட்டங்களில் உயரம் என்றால் பனிச்சிகரம். இங்கே உயரம் என்றால் சேறு. இரண்டாவது, செமுவா ஆறு போலத் தன்னையே சுற்றி வளையும் ஆறுகள், அவற்றின் வளைவுக்குள் சிக்கிய செங்குத்தான மரச்சரிவுகள். மூன்றாவது, மனிதர் வளர்த்த வேலி. நெர்வி மக்கள் இளமரங்களைக் கீறி வளைத்து, பக்கவாட்டில் பெருகும் கிளைகளுக்கிடையே முட்செடிகளைச் செருகி, சுவர் போன்ற வேலிகளை உருவாக்கியிருந்தார்கள் என்றும், உள்ளே புகுவது மட்டுமல்ல, பார்வை ஊடுருவுவதும் முடியாது என்றும் சீசர் எழுதுகிறார். எதிரியின் குதிரைப்படையைத் தடுக்க வளர்த்த வேலி இது. ஒரு சண்டைக் களத்துக்கு இதைவிட நல்ல அமைப்பு வேண்டுமா?

மரங்களில் கவனம் தேவை. இன்றைய ஆர்டென் புகைப்படங்களில் நெருக்கமாக நிற்கும் ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரங்கள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு நட்டு வளர்க்கப்பட்டவை. ஆர்டுயின்னாவின் காட்டில் பீச் மரமும் ஓக் மரமும், சதுப்பின் ஓரத்தில் பிர்ச் மரமும் நிற்க வேண்டும். பீச் விதையும் ஓக் விதையும் உதிரும் இலையுதிர்காலத்தில்தான் காட்டுப்பன்றி கொழுக்கும். எந்த மரம் நிற்கிறது என்பதே எந்த மாதத்தில் வேட்டை என்பதை முடிவு செய்வதால், இது அலங்கார விவரம் அன்று.

காட்டின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை ஆட்டக்காரர்களுக்கான வதந்தியாகச் சேர்க்கலாம். கி.மு. 53-இல் எபுரோன் மக்களின் தலைவர் அம்பியோரிக்ஸைப் பிடிக்க ரோமப் படை இந்தக் காட்டுக்குள் புகுந்தது. முன்னே சென்ற குதிரைப்படை அவரது இருப்பிடத்தையே எட்டிவிட்டது. ஆனால் வீடு மரங்கள் சூழ்ந்த இடத்தில் இருந்ததால், அவரது ஆட்கள் ஒடுங்கிய வழியில் படையைத் தடுத்து நிறுத்தினார்கள், மரங்கள் அவர் தப்பியதை மறைத்தன. பிறகு நான்கே குதிரை வீரர்களோடு இரவுகளில் இடம் மாறிக்கொண்டே இருந்த அவரைச் சீசரால் கடைசி வரை பிடிக்க முடியவில்லை. தெய்வம் அவரைக் காத்தது என்று எந்த நூலும் சொல்லவில்லை. உங்கள் ஆட்டத்தின் கிழவி ஒருத்தி அப்படிச் சொல்வதற்குத் தடையும் இல்லை. வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வில்லை எடுத்துவிட்டுக் கத்தியைக் கொடுத்தல்

வெண்கலச் சிற்றுருவத்தின் பெண் குறுங்கத்தி ஏந்தியவளாகவே விவரிக்கப்படுகிறாள். இந்த ஒரு மாற்றம் தெய்வத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. வில்லாளி தொலைவில் நின்று கொல்கிறாள்; கத்தி ஏந்தியவள் விலங்கின் மூச்சு தன் முகத்தில் படும் அளவுக்கு அருகில் செல்ல வேண்டும். எனவே அவளுடைய அடியவர்களுக்கு அம்பெய்வதற்கான போனஸ் எதையும் கொடுக்காதீர்கள். காயம்பட்ட விலங்கை நெருங்கித் தன் கையால் முடித்து வைப்பவருக்குத்தான் அவள் அருள் கிடைக்க வேண்டும். நான் வைத்திருக்கும் விதி எளியது: எதிரியின் ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு, ஐந்து அடித் தொலைவில் நின்று குத்துவாளால் தாக்கும் அடியவர், ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை, சேதப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

பன்றியைப் பொறுத்தவரை, கெல்ட்டிக் உலகில் அதற்கிருந்த இடம் மிகத் தெளிவானது. பகைவரை நடுங்கவைக்க ஊதிய கார்னிக்ஸ் என்ற நெடிய போர்க்கொம்பின் வாய் பல சமயம் பன்றித்தலையாக வார்க்கப்பட்டது. பிரான்சின் தின்தின்யாக்கில் 2004-இல் ஒரே குழியிலிருந்து வெளிப்பட்ட கார்னிக்ஸ்களில் பெரும்பாலானவற்றின் முகம் பன்றிதான். ஆகவே காட்டுக்குள் தொலைவில் ஒலிப்பது பன்றியின் உறுமலா போர்க்கொம்பா என்று ஆட்டக்காரர்களால் பிரித்தறிய முடியாத ஒரு காட்சியை எழுதலாம். நான் எழுதிய காட்சிகளில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

நான்காம் படி: விதிப்படிவத்தை நிரப்புதல்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். சார்பு நியூட்ரல், அவள் நன்மைக்கும் தீமைக்கும் நடுவே நிற்பவள் என்பதால் அன்று, அந்தக் கேள்வியையே எழுப்பாதவள் என்பதால். மதகுருக்களுக்கான துறை இயற்கை. ரோமக் கல்வெட்டில் போர்த்தெய்வத்துக்குப் பக்கத்தில் அவள் நிற்பதால், காட்டுக்கு வெளியே வாழும் அடியவர்களுக்கு மட்டும் போர்த்துறையையும் அனுமதியுங்கள். சின்னம், வளைந்த பன்றிக் கோரைப்பல். ஆட்டத்தின் கதாபாத்திர வகைகளில் ரேஞ்சரும் (காட்டு வீரர்) ட்ரூயிடும் (இயற்கைக் குரு) இயல்பான அடியவர்கள். ஆனால் ஆர்டுயின்னாவுக்கு மிகப் பொருத்தமான கதாபாத்திரம் ஊரைவிட்டுத் தொலைவில் பணியாற்றும் ஃபைட்டர் (போர்வீரர்) என்றே கருதுகிறேன். குவார்ட்டினியஸ் அதற்கு முன்மாதிரி. காட்டுக்கு வெளியே அவளுடைய அருள் இயல்பாகச் செல்லாது. வெளியே இருக்கும் அடியவர், ஒரு கல்லில் மற்ற எந்தத் தெய்வத்துக்கும் முன்பாக அவள் பெயரை வெட்டி வைத்தால் மட்டும், அந்தக் கல்லைச் சுற்றி முப்பது அடிக்குள் அவள் கேட்பாள்.

ஐந்தாம் படி: உண்டியலை அமைத்தல்

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இந்தப் படிதான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ரியன் என்ற கிரேக்கர், ரோமப் பேரரசின் உயர் அதிகாரியாக இருந்தவர், வேட்டைநாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதில் கெல்ட்டியரின் வழக்கம் ஒன்றை விவரிக்கிறார். வேட்டைத் தெய்வத்தைத் தம் மொழியில் ஆர்ட்டெமிஸ் என்றே அவர் குறிப்பிடுவதால், இது ஆர்டுயின்னாவின் வழிபாடு என்று உறுதி சொல்ல முடியாது. ஆயினும் கெல்ட்டிய வேட்டைத் தெய்வத்துக்கு உண்மையில் நடந்த ஒரு வழிபாட்டின் விவரமான சித்திரம் இது.

அவர்கள் தெய்வத்துக்கென்று ஒரு உண்டியல் வைத்திருந்தார்கள். முயல் ஒன்று பிடிபட்டால் இரண்டு ஓபோல் காசு அதில் விழ வேண்டும். நரி பிடிபட்டால் ஒரு திராக்மா, ஏனெனில் நரி சூழ்ச்சியுள்ளது, முயல்களை அழிப்பது. சிறுமான் பிடிபட்டால் நான்கு திராக்மா, ஏனெனில் அது பெரிய விலங்கு, வேட்டைக்கு மேன்மையானது. ஆண்டு முடிந்து தெய்வத்தின் பிறந்தநாள் வரும்போது உண்டியலைத் திறந்து, சேர்ந்த பணத்துக்கு ஏற்ப ஒரு செம்மறியாட்டையோ வெள்ளாட்டையோ, பணம் போதுமானால் ஒரு கன்றையோ வாங்கிப் பலியிட்டு, தெய்வத்துக்கு முதற்பங்கைப் படைத்துவிட்டு, வேட்டைக்காரர்களும் நாய்களும் விருந்துண்டார்கள். அன்று நாய்களுக்கு மாலையும் சூட்டினார்கள்.

ஆறு ஓபோல் ஒரு திராக்மா ஆகும். எனவே முயலுக்கு 2, நரிக்கு 6, மானுக்கு 24 என்பதே கணக்கு. ஒரு ஓபோலை ஆட்டத்தின் ஒரு செப்புக்காசாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பதிப்பின் விலைப்பட்டியலில் வெள்ளாட்டின் விலை ஒரு பொற்காசு, அதாவது 100 செப்புக்காசு, செம்மறியாடு இரண்டு பொற்காசு, பசு பத்து. நான்கு மானும் இரண்டு முயலும் சேர்ந்தால் சரியாக 100 ஆகிறது. ஒரு சிறிய குழு ஒரு பருவத்தில் வேட்டையாடக்கூடிய அளவும் ஏறத்தாழ அதுதான். பழைய கணக்கு ஆட்டத்தின் பொருளாதாரத்தோடு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

நடைமுறை இப்படி இருக்கட்டும். குழுவின் நடுவே ஒரு உண்மையான சிறு டப்பாவை வையுங்கள். தாளில் எழுதுவதைவிடக் காசு விழும் ஓசை பயன்தரும். காட்டுக்குள் எந்த விலங்கைக் கொன்றாலும், கொன்றவரின் ஆட்டக்காரர் அன்றைய ஓய்வுக்கு முன் உரிய காசைப் போட வேண்டும். பட்டியலில் இல்லாத விலங்குகளுக்கு அர்ரியன் சொல்லும் இரண்டு காரணங்களையே அளவுகோலாக்குங்கள்: மற்ற உயிர்களுக்குக் கேடு செய்யும் விலங்கென்றால் 6, பெரிதும் மேன்மையானதும் என்றால் 24. ஆந்தைக்கரடி போன்ற கற்பனை விலங்குகளுக்கு, அவற்றின் சேலஞ்ச் ரேட்டிங்கை (எதிரியின் கடினத்தைக் காட்டும் எண்ணை) 24-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றிக்கு மட்டும் காசு ஏற்கப்படாது. பன்றியைக் கொன்றவர் அதன் கோரைப்பல் ஒன்றை, எடுத்த இடத்திலேயே, கொன்ற ஆயுதத்தோடு சேர்த்துப் புதைக்க வேண்டும். இந்தப் பன்றி விதி முழுக்க என் சேர்க்கை.

விழா நாள் வரும்போது, உண்டியல் வெள்ளாட்டுக்குப் போதுமானால், பங்களித்த ஒவ்வொருவருக்கும் அடுத்த விழா வரை தடம் பார்க்கும் ஒரு சர்வைவல் (காட்டில் பிழைக்கும் திறன்) சோதனையை மீண்டும் உருட்டும் உரிமை கிடைக்கும். செம்மறியாட்டுக்குப் போதுமானால் அதே உரிமை மூன்று முறை. பசுவுக்குப் போதுமானால் கேள்வி ஒன்றுக்கு அவளிடமிருந்தே விடை வரும். விடை சொல்லாக வராது, காட்டில் ஒரு தடமாக வரும். குழுவில் நாய் இருந்தால் அதற்கு மாலை சூட்ட மறக்கக் கூடாது. கெல்ட்டியரின் வெர்ட்ராகஸ் நாய் இன்றைய கிரேஹவுண்ட் போல ஓட்டத்துக்குப் பெயர்பெற்றது. மாஸ்டிஃப் நாயின் விதிகளையே எடுத்து, வேகத்தை மட்டும் 40 அடியிலிருந்து 60 ஆக்கினால் போதும். மாலை சூட்டப்பட்ட நாய், அடுத்த விழா வரை ஒரே ஒரு முறை, உயிர் போகும் அடியை வாங்கியும் ஒரு ஹிட் பாயிண்டோடு எழுந்து நிற்கும். என் மேசையில் இந்த ஒரு விதிக்காகவே ஆட்டக்காரர்கள் உண்டியலில் தேவைக்கு மேல் காசு போட்டார்கள்.

இன்னொன்றும் அர்ரியனிடமிருந்து எடுக்கலாம். நல்ல வேட்டைக்காரர்கள் விலங்கைக் கொல்வதற்காக அன்றி ஓட்டத்தின் அழகுக்காகவே நாய்களை அவிழ்த்துவிடுகிறார்கள் என்றும், நன்றாக ஓடிய முயல் தப்பித்துவிட்டால் மகிழ்கிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார். ஆகவே, கொல்லும் வாய்ப்பு முழுதாகக் கையிலிருந்தும், நன்றாகப் போராடிய விலங்கை ஒருவர் விட்டுவிட்டால், அவருக்கு இன்ஸ்பிரேஷன் (பிறகு ஒரு பகடை உருட்டலில் கிடைக்கும் சாதகம்) கொடுங்கள். உண்டியலில் காசு விழாது. அவளுக்கு அதில் குறையும் இல்லை.

ஆறாம் படி: கடன் தவறியவர்களுக்கு வருவது

கொன்றும் செலுத்தாத ஒவ்வோர் உயிருக்கும் ஆட்ட நடத்துநர் தம் குறிப்பேட்டில் ஒரு கோடு போட வேண்டும். ஆட்டக்காரர்களுக்குக் காட்டக் கூடாது. இரண்டு கோடு ஆனதும் பறவைகள் அவர்கள் வரும்போது ஓசையடங்கும். மறைந்து செல்லும் சோதனைகள் டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்கும் பாதகத்தோடு) நடக்கும். நான்கு கோடு ஆனதும் வழிகள் நீளும். இரண்டாம் படியில் சொன்ன இரட்டை அளவுக் காடு வழிகாட்டியோடு செல்பவர்களையும் பிடித்துக்கொள்ளும். ஆறாவது கோட்டில் பன்றி வரும்.

அந்தப் பன்றிக்கு ராட்சதக் காட்டுப்பன்றியின் விதிகளே போதும்: 42 ஹிட் பாயிண்ட், சேலஞ்ச் ரேட்டிங் 2. இருபது அடி நேராக ஓடிவந்து முட்டினால் கூடுதல் சேதமும், வலிமை சேவிங் த்ரோவில் (பாதிப்பிலிருந்து தப்பும் பகடைச் சோதனையில்) தோற்றவர் தரையில் விழுவதும் உண்டு. பத்துக்கு மிகாத சேதத்தால் உயிர் போகும் நிலை வந்தால், ஒரு ஹிட் பாயிண்டோடு அது நிற்கும் என்ற விதியும் ஏற்கெனவே இருக்கிறது. அதனோடு ஒன்றை மட்டும் சேருங்கள். கடன்பட்டவர் தம் கடனை வாய்விட்டுச் சொல்லி, செலுத்துவதாக நேர்ந்துகொண்டால், பன்றி தாக்குதலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போகும். இதை ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். வாளால் வெல்ல முடிகிற எதிரியாகவே அது தோன்றட்டும். கொன்றால் கடன் தீராது, கோடுகள் அப்படியே இருக்கும், மறுநாள் இன்னொரு பன்றி வரும்.

அவளையே நேரில் காட்ட வேண்டுமா என்று பலரும் தயங்குவார்கள். காட்டாதீர்கள் என்பதே என் கருத்து. பன்றியின் முதுகில் ஒருபக்கமாக அமர்ந்த ஒரு நிழல், மரங்களுக்கிடையே, தொலைவில், ஒரு கேம்பெயினில் ஒரே ஒரு முறை. அதற்கு மேல் வேண்டாம்.

ஏழாம் படி: எதிரியைத் தேர்ந்தெடுத்தல்

மரம் வெட்டுபவர்கள், காட்டை எரிக்கும் ஓர்க் கூட்டம் என்று எளிய எதிரிகள் பலர் இருக்கிறார்கள். ஆனால் ஆர்டென் காட்டின் வரலாறே ஓர் எதிரியைத் தருகிறது. தூர் நகர ஆயர் கிரகரி, 585-இல் தாம் நேரில் சந்தித்த வுல்ஃபிலைக் என்ற லொம்பார்டியத் துறவியின் கதையை அவர் வாய்மொழியாகவே எழுதி வைத்திருக்கிறார். ஆர்டென் பகுதியில் மக்கள் வழிபட்ட ஒரு டயானா சிலைக்கு எதிராக, அந்தத் துறவி ஒரு தூண் எழுப்பி அதன்மேல் வெறுங்காலோடு நின்றார். குளிர்காலத்தில் கால்நகங்கள் உதிர்ந்தன, தாடியில் பனி உறைந்து தொங்கியது. கேட்க வந்த மக்களிடம் டயானா என்று எதுவும் இல்லை என்று நாள்தோறும் சொன்னார். கடைசியில் மக்களே கயிறு கட்டி இழுத்துச் சிலையைச் சாய்க்க, இரும்புச் சுத்தியல்களால் அதைத் தூளாக்கினார்கள். அதன் பிறகு அவர் உடல் முழுக்கக் கொப்புளம் எழுந்தது. புனித மார்ட்டின் ஆலயத்தின் எண்ணெயால் குணமானது என்று அவர் சொல்கிறார். பின்னர் ஆயர்கள் அவரைத் தூணிலிருந்து இறங்கச் செய்து, அவர் இல்லாத வேளையில் தூணையும் உடைத்துவிட்டார்கள். அந்தச் சிலை ஆர்டுயின்னாவுடையதாக இருக்கலாம் என்று பிற்காலத்தவர் எண்ணியது ஒரு ஊகமே.

இந்தத் துறவியைக் கொடியவராக மாற்றிவிடாதீர்கள். அவர் உறுதியானவர், துன்பத்தை ஏற்பவர், தம் சொல்லை முழுமையாக நம்புபவர். இப்படிப்பட்ட ஒருவர் உங்கள் ஆட்டத்தில் சதுப்பு மேட்டின் விளிம்பில் தூண்மேல் நிற்கட்டும். பெயரை மாற்றுங்கள், சமயத்தையும் உங்கள் உலகத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். ஊர்மக்கள் பாதிப்பேர் அவர் பக்கம். உண்டியலில் காசு குறைந்துகொண்டே வருகிறது. காட்டில் கோடுகள் ஏறிக்கொண்டே போகின்றன, ஊர்மக்களின் பெயரில். வாளால் தூணிலிருந்து இறக்கினால் அவர் தியாகி ஆவார். பன்றியை அவர்மேல் ஏவச் சொல்லித் தெய்வத்தைக் கேட்டால் அவள் செய்யமாட்டாள், ஏனெனில் அவர் எந்த விலங்கையும் கொல்லவில்லை; அவளுக்கு அவர் ஒரு காசும் கடன்படவில்லை. என் ஆட்டக்காரர்கள் இதை உணர்ந்தபோது மேசையில் நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி தூணின் அடியில் தீ மூட்டி, தன் போர்வையைத் துறவிக்கு மேலே எறிந்துவிட்டு, ஊருக்குள் போய் ஒவ்வொரு வீட்டுக் கடனையும் கேட்டு எழுதத் தொடங்கினாள்.

எட்டாம் படி: முதல் அமர்வுக்கான கல்

இவ்வளவும் தயாரான பிறகு, முதல் அமர்வில் தெய்வத்தைப் பற்றி எதையும் விளக்காதீர்கள். காட்டின் விளிம்பில் பாசி படர்ந்த ஒரு கல்லை மட்டும் காட்டுங்கள். உள்ளங்கையளவு அட்டை ஒன்றில் அதை வரைந்து கொடுத்தால் இன்னும் நல்லது. மேல் வரியில் “ஆர்ட்பின்னா தேவிக்கு” என்று இருக்கட்டும். வழக்கமான எழுத்துப்படி இல்லாமல், ட்யூரன் அருகே கிடைத்த கல்லில் உள்ளபடியே. கீழ் வரியில் “நேர்ந்ததை மனமுவந்து செலுத்தினார்” என்று இருக்கட்டும். நடுவில் பெயர் இருக்க வேண்டிய வரியை வெறுமையாக விட்டுவிடுங்கள். அழிந்ததா, இன்னும் வெட்டப்படவே இல்லையா என்று பகடை உருட்டிக் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

யாராவது ஒரு கதாபாத்திரம், எந்த அமர்விலாவது, தானாக ஒன்றை நேர்ந்துகொண்டு அதை முழுமையாகச் செலுத்தி முடிக்கும் நாளில், அந்த அட்டையையும் ஒரு பேனாவையும் அந்த ஆட்டக்காரரிடம் கொடுங்கள்.